அந்த ஒரு கட்டம்

பேனாவை நான்தான் நீட்டினேன். யாரும் நீட்டச் சொல்லவில்லை.

2024 ஜூன் மாதம். அந்த வருஷம் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை, எங்கள் பக்கத்து ஆறுகளில் மணல்தான் கிடந்தது. அந்த அம்மா நூறு நாள் வேலையிலிருந்து நேராக நான் வேலை பார்க்கும் பங்குக் கோயில் (சர்ச்) அலுவலகத்துக்கு வந்திருந்தார், முழங்கை வரை புழுதி. கூடவே பிளஸ் டூ முடித்த மகள். கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் கேட்கிற வேகத்துக்கு நம் சனங்களால் பதில் சொல்ல முடியாது என்பதால், எல்லா விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புவது எங்கள் அலுவலக வழக்கம். பெயர், தகப்பன் பெயர், தெரு, ரேஷன் கார்டு எண், ஆதார் எண் எல்லாம் எழுதினேன். 'மதம்' என்று வந்ததும் கை நின்றது.

"என்ன சார் போடப் போறீங்க?"

"நீங்கதாம்மா சொல்லணும்."

"நான் என்னத்தச் சொல்றது? நீங்க கோயில் ஆளு. நீங்க எது சொன்னாலும் சரியாத்தான் இருக்கும்."

"இல்லம்மா. இது உங்க மனசாட்சி சம்பந்தப்பட்டது" என்று சொல்லிவிட்டுத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன்.

அந்த அம்மாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மகளிர் குழுக் கடனுக்காக நாங்களே உட்கார்ந்து பழக்கிவிட்ட கையெழுத்து அது. தெரிந்தேதான் நீட்டினேன். அவர் பேனாவைத் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தாளை நான்காக மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார். மகள் சுவரில் இருந்த வேளாங்கண்ணி மாதா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிற பெண் அவள். எங்கள் பங்கில் அவ்வளவு திருத்தமாக வாசிக்க வேறு ஆள் கிடையாது.

நான் ஏன் எழுதவில்லை என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால் தமிழ்நாட்டில் பி.சி., அதாவது பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். கல்வி உதவித்தொகைக்கும் விடுதிக்கும் 'மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்' என்று மாநில அரசு இடம் கொடுத்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பட்டியல் சாதிக்கான 18 சதவீத ஒதுக்கீடு போய்விடும். பி.சி.க்கான 26.5 சதவீதத்தில், எந்த வீட்டு வயலில் இவர்கள் நாற்று நடுகிறார்களோ அந்த வீட்டுப் பிள்ளையோடு போட்டி போட வேண்டும். உள்ளாட்சித் தனித்தொகுதியில் நிற்க முடியாது. யாராவது சாதிப் பெயரைச் சொல்லி அடித்தால் 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. ஊரில் தெரு மாறவில்லை, சுடுகாடு மாறவில்லை, சில பங்குகளில் கல்லறைக்கு நடுவே சுவர்கூட இருக்கிறது. தாளில் மட்டும் சாதி மாறிவிடுகிறது.

ஆக, 'கிறிஸ்தவர்' என்று நான் எழுதினால் அந்தப் பெண்ணின் சீட்டை என் கையால் பறிக்கிறேன். 'இந்து' என்று எழுதினால் அரசாங்கத் தாளில் தெரிந்தே பொய் எழுதுகிறேன். நாளைக்கு அது ரத்தானால் அவள் வேலையே போகும், கோயில் அலுவலகமே மோசடி செய்கிறது என்று பேச்சும் வரும். இதில் அவர்கள் முடிவை அவர்களிடமே விடுவதுதானே நியாயம்? அன்றைக்குச் சாயங்காலம் ஃபாதரிடம் சொன்னேன். "நல்ல வேளை, நீ எழுதல" என்றார். அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஏனோ அதற்குப் பிறகுதான் தூக்கம் கெட்டது.

எங்கள் வேலையே மாறிப்போனதை இங்கே சொல்லியாக வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது முதல் இந்தக் கரையில் பள்ளிக்கூடம், அச்சு, மருந்து என்று மிஷன்காரர்கள்தான் முன்னால் நின்றார்கள். எங்கள் அப்பா காலத்தில் அமெரிக்கக் கோதுமையும் பால்பவுடரும் கோயில் வாசலில்தான் கொடுத்தார்கள். கொடுக்கிற கை எங்களுடையது, வாங்குகிற கை அவர்களுடையது. பிறகு 1982-இல் சத்துணவு வந்தது, 2011-இல் ரேஷனில் விலையில்லா அரிசி வந்தது, முதியோர் பென்ஷன், மகளிர் உரிமைத்தொகை என்று அரசாங்கமே வீடு வரைக்கும் வந்துவிட்டது. அது நல்லதுதான், மனசாரச் சொல்கிறேன். பசிக்கிறவன் எங்கள் தயவில் நிற்க வேண்டியதில்லை. இப்போது எங்களிடம் மிச்சமிருப்பது மனு எழுதுகிற வேலை. வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020-இல் திருத்தம் வந்த பிறகு ஆறு பேர் இருந்த அலுவலகத்தில் இரண்டு பேர் இருக்கிறோம். அரசாங்கம் தருவதை ஏழைக்கு வாங்கிக் கொடுப்பதுதான் இன்றைய ஊழியம் என்று பயிற்சிக் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். அதற்கு ஏழைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு பேனா வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பேனாவைத்தான் நான் கீழே வைத்தேன்.

சட்டம் தெரிந்தவன் நான். இப்படி எழுதினால் இது கிடைக்கும், அப்படி எழுதினால் இந்த ஆபத்து என்று பத்து நிமிஷம் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். மதம் மாறினாலும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் உங்களுக்கு ஆதரவாகச் சொன்னது, 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமே அதைக் கேட்டுத் தீர்மானம் போட்டு அனுப்பியது, இன்னும் முடிவு வரவில்லை, குற்றம் உங்கள் மேல் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். மனசாட்சி என்று ஒரே வார்த்தையில் முடித்தேன்.

இதைவிட உறுத்துவது இன்னொன்று. என் பையனுக்குச் சான்றிதழ் வாங்கியபோது அதே கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று எழுதினேன். ஒரு விநாடிகூடக் கை நிற்கவில்லை. எங்கள் சாதிக்கு இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் பி.சி.தான். என் விசுவாசத்துக்கு அரசாங்கம் என்னிடம் ஒரு பைசா கேட்டதில்லை. ஒரு செலவும் இல்லாமல் உண்மை சொல்லிப் பழகியவன், அந்த அம்மாவிடம் மனசாட்சியைப் பற்றிப் பேசினேன். ஒரே பூசை, ஒரே நற்கருணை.

இதை எழுதும்போதே, நான் என்னை ரொம்பவும் குற்றம் சொல்லிக்கொள்கிறேனோ என்றும் படுகிறது. அதே வருஷம் நவம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. புதுச்சேரிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கு. ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்கும் போய்க்கொண்டிருப்பவர், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லி ஒதுக்கீடு கேட்பது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று தீர்ப்பு. பேப்பரில் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நல்ல வேளை, என் கையெழுத்து அந்தத் தாளில் இல்லை. அடுத்த நிமிஷமே, பாதித் தாளில் என் கையெழுத்துதான் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது.

அவர்கள் அந்தக் கட்டத்தில் என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சான்றிதழ் கிடைத்தது, பெண் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் இருக்கிறாள், அது மட்டும் தெரியும். வாசகம் வாசிக்க இப்போது வேறு ஒரு பையன் வருகிறான்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரலுக்கு அவர்கள் தெருவுக்குப் போனோம். சான்றிதழ் விசாரணைக்கு வருகிறவர்கள் வாசலில் ஸ்டார் தொங்குகிறதா, சுவரில் யார் படம் என்று பார்ப்பார்கள் என்று சனங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பக்கம் திரும்பியதும் என் கண்ணும் முதலில் கூரை விளிம்பைத்தான் பார்த்தது. ஸ்டார் இல்லை. நான் ஏன் அதைப் பார்த்தேன்?

பாட்டு முடிந்ததும் அந்த அம்மா வெளியே வந்து உண்டியலில் ஐம்பது ரூபாய் போட்டார். "பாப்பா நாளைக்குத்தான் சார் லீவுல வருது. ஃபாதர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். எதற்காகச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஃபாதரிடம் சொன்னேன்.