உப்புக் கரித்த கடுங்காப்பி

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. ஒரு மாதம் கழித்து சட்ட உதவிக் குழுவோடு அங்கே போனேன். நிவாரண மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் கையில் இருந்தால் ஒரு மனு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு அம்மாவிடம் ஆதாரும் பாஸ்புக்கும் மட்டும்தான் இருந்தன. தோப்பு வேறொருவர் பெயரில். இவர்களுக்குப் பதினோரு வருஷமாக வாய்ப்பேச்சுக் குத்தகை. தென்னைகள் வேரோடு பெயர்ந்து, அத்தனையும் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தன. அவர் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். "கெணத்துல கடத்தண்ணி ஏறிடுச்சு தம்பி. எறச்சு எறச்சு ஊத்தியும் போகல. பால் ஊத்துனா திரிஞ்சிடுது, கோச்சுக்காதீங்க." கருப்பட்டியின் இனிப்புக்கு அடியில் உப்பு நாக்கில் தங்கியது.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டில் 1969-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதைச் சொன்னேன். "பதியணும்னு கேட்டா அடுத்த வருஷம் தோப்பு எங்களுக்குக் கெடைக்குமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். அதன் 8-ஆம் பிரிவு பருவநிலை மாற்றத்தால் வரும் இழப்பையும் சேதத்தையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் 2015-இல் ஒப்பந்தத்தை ஏற்ற தீர்மானத்தின் 51-ஆம் பத்தி, அந்தப் பிரிவை வைத்துப் பொறுப்போ இழப்பீடோ கோர முடியாது என்கிறது. அதைப் படித்த அன்று மனசு ஆறவே இல்லை. 2022-இல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் இழப்புகளுக்கென்று தனி நிதி அமைக்க ஒப்புக்கொண்டார்கள். அதில் நாடுகள் போடும் பணம் அவரவர் விருப்பம்தான். வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு முன்நின்று கேட்ட கேள்விக்கு, 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் கருத்து சொன்னது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறினால் ஈடுசெய்ய வேண்டிவரலாம் என்றது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பில்லை, ஆலோசனைக் கருத்துதான். என்றாலும் அந்தக் கதவு திறந்ததே பெரிது.

சரி, மீறலுக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்க வேண்டுமே. ஒரு புயலை இன்ன நாடுதான் கிளப்பியது என்று யாரும் காட்ட முடியாது. கடல் மட்டம் உயர உயர, புயலில் தண்ணீர் ஊருக்குள் வரும் தூரம் கூடும் என்பதைக் காட்டலாம். ஆனால் எங்கள் ஊர்களில் சங்கிலி இந்த முனையிலேயே அறுந்து கிடக்கிறது. எங்கிருந்து பணம் வந்தாலும், பட்டாவைப் பார்த்துப் பிரித்தால் அந்த அம்மாவின் வாசலுக்கு வராது. பருவநிலை நீதி என்று பேசுகிற நாங்கள் தாலுகா ஆபீஸை விட்டுவிட்டு உலக மாநாடுகளையும் சர்வதேச நீதிமன்றத்தையும் பற்றி மட்டும் பேசுவது தப்பு என்றே நினைக்கிறேன்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் ஒரு நோட்டு எடுத்துப் போகிறேன். எந்தக் கிணறு எப்போது உப்பானது, நிலத்தில் பாடுபட்டது யார், என்ன குத்தகை என்று எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். முதல் பக்கம் அந்த அம்மாவுடையது: "2018, ஐப்பசி கடைசி நாள். கிணறு உப்பு. மரம் 64. குத்தகை, வாய்ப்பேச்சு."