கல்லூரி இன்குபேட்டரை விட்டு மாணவர்கள் ஏன் வெளியே போகிறார்கள்?

மாணவர்களின் ஸ்டார்ட்அப்களை வளர்த்துவிடக் கல்லூரி நடத்தும் மையம்தான் இன்குபேட்டர். அதன் மேலாளரின் மேசையில் காலாண்டு முடிவில் இருக்கும் படிவத்தை ஒரு முறை பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஸ்டார்ட்அப் எத்தனை, நடத்திய நிகழ்ச்சி எத்தனை, வந்த மாணவர்கள் எத்தனை பேர், தாக்கல் செய்த பேட்டன்ட் எத்தனை, அரசு கொடுத்த பணம் எந்தெந்தத் தலைப்பில் செலவானது. கல்லூரிகளில் புத்தாக்கத்தை வளர்க்கக் கல்வி அமைச்சகம் 2018-இல் தொடங்கிய ஐ.ஐ.சி. அமைப்புக்கும், கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்கும், பணம் தந்த துறைக்கும் போக வேண்டிய கணக்கு அது. 'உங்கள் பொருளை இந்த வாரம் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள்' என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரை எதை வைத்து அளக்கிறார்களோ அதைத்தான் அவர் உங்களிடம் கேட்பார். மாணவர்கள் வெளியே தேடிப் போவது ஒய் காம்பினேட்டர், டெக்ஸ்டார்ஸ் மாதிரியான அமெரிக்க ஆக்சிலரேட்டர்களை, அதாவது ஸ்டார்ட்அப்பில் பங்கு வாங்கிக்கொண்டு பணமும் மூன்று மாதப் பயிற்சியும் தருகிறவர்களை. அவர்களும் ஒன்றும் தர்மசாலை நடத்தவில்லை. ஆனால் அவர்கள் வாங்கிய பங்கின் மதிப்பு பல மடங்கு ஏறினால்தான் அவர்களுக்கு லாபம், அதனால் அவர்கள் கேட்கும் கேள்வி விற்பனையைப் பற்றியதாக இருக்கிறது. இரண்டு பக்கமும் மாணவரை நடத்தும் விதத்தில் உள்ள வித்தியாசமெல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது.

முதல் உதாரணம், கம்பெனி பதிவு. எண்ணிக்கை காட்ட வேண்டும் என்பதால் பல கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டிலேயே பிரைவேட் லிமிடெட் பதிவு செய்யச் சொல்கிறார்கள். பதிவுச் செலவைக் கல்லூரியே ஏற்பதும் உண்டு. விழாவில் சான்றிதழோடு போட்டோ எடுத்தாகிவிடும். படிப்பு முடிகிறது, நாலு பேரில் மூன்று பேர் பிளேஸ்மென்டில் வேலைக்குப் போகிறார்கள், கம்பெனி அப்படியே கிடக்கிறது. வியாபாரமே நடக்காவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் நிதிநிலைக் கணக்கும் ஆண்டறிக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டு படிவத்துக்கு ஒரு வருடத்தில் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் கம்பெனிச் சட்டம் 164(2) பிரிவின்படி இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். உண்மையிலேயே நல்ல யோசனை ஒன்று 24 வயதில் வரும்போது புதுக் கம்பெனியில் இயக்குநராக உட்கார முடியாது. ஒய் காம்பினேட்டருக்கு விண்ணப்பிக்கக் கம்பெனியே தேவையில்லை. தேர்வான பிறகு பதிவு செய்தால் போதும்.

இரண்டாவது, பணம் வரும் விதம். ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் மத்திய அரசு 2021-இல் 945 கோடி ரூபாயோடு, நான்கு வருடத்துக்கென்று தொடங்கிய திட்டம்; இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் இன்குபேட்டர் வழியாக வரும். புரோட்டோடைப் வரைக்கும் 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னால் பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரமாகவோ. தனிப்பட்ட ஜாமீன் கேட்க மாட்டார்கள், வட்டியும் ரெப்போ விகிதத்தை (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளிடம் வாங்கும் வட்டி) தாண்டாது. காகிதத்தில் இதைவிட நல்ல நிபந்தனை எங்கும் கிடைக்காது. சிக்கல் தவணையில் இருக்கிறது. மைல்கல்லை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை. அந்த மைல்கல் விண்ணப்பித்த அன்று எழுதியது. நடுவில் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பார்த்து, 'இது வேண்டாம், வேறு செய்யலாம்' என்று நீங்கள் திசை மாறினால், மாறியதற்கான காரணத்தை ஒரு குழுவுக்கு எழுதி விளக்க வேண்டும். மாணவர் ஸ்டார்ட்அப்கள் திசை மாறாமல் பிழைப்பதே அபூர்வம். அந்தக் குழு அடுத்து எப்போது கூடும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

ஒய் காம்பினேட்டர் கொடுப்பது 5 லட்சம் டாலர், நம் காசில் 4 கோடிக்கு மேல். எதில் செலவழித்தாய் என்று தலைப்புவாரியாகக் கேட்பதில்லை. அதற்காக அதை 7 சதவீதத்துக்குக் கிடைத்த பணம் என்று நினைத்துவிடக் கூடாது. 1.25 லட்சம் டாலர் மட்டும்தான் 7 சதவீதத்துக்கு. மீதி 3.75 லட்சம், அடுத்து வரும் முதலீட்டாளருக்கு நீங்கள் கொடுக்கும் ஆகச் சிறந்த நிபந்தனையில் பங்காக மாறும். அடுத்தவர் ஒரு கோடி டாலர் போஸ்ட்-மணி உச்சவரம்பில் (முதலீட்டுப் பணத்தையும் சேர்த்துப் போடும் கம்பெனி மதிப்பின் வரம்பு) வந்தால் அது 3.75 சதவீதம். ஆக மொத்தம் 10.75. குறைந்த மதிப்பீட்டில் அவசரப்பட்டுப் பணம் வாங்கினால் இந்த எண் இன்னும் ஏறும். டெக்ஸ்டார்ஸும் இப்போது இதே பாணிதான்: 20,000 டாலருக்கு 5 சதவீதம், மேலே 2 லட்சம் டாலர் பிறகு பங்காக மாறும் கணக்கில்.

கல்லூரி எவ்வளவு எடுக்கும்? 2019-இல் வந்த தேசியக் கண்டுபிடிப்பு மற்றும் ஸ்டார்ட்அப் கொள்கை 2 முதல் 9.5 சதவீதம் வரை எடுக்கலாம் என்கிறது. உட்கார இடமும் வைஃபையும் கொடுத்துவிட்டு 5 சதவீதம் கேட்கும் ஒப்பந்தத்தை, 1.25 லட்சம் டாலருக்கு 7 சதவீதம் என்பதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாணவர்கள் ஏன் வெளியே பார்க்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சதவீதத்தைவிட மோசமானவை சில வரிகள். 'அடுத்த முதலீடு வந்தாலும் எங்கள் பங்கு குறையாது' என்ற வரி, 'புது முதலீட்டாளரைச் சேர்க்க எங்கள் முன் அனுமதி வேண்டும்' என்ற வரி. முதல் வரியைப் பார்த்தால் பின்னால் வரும் முதலீட்டாளர் அதை நீக்கச் சொல்வார். நீக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த நேரம் மாற்றலாகிப் போயிருப்பார். இந்த இரண்டையும் ஆரம்பத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். நிறைய இடங்களில் அந்த ஒப்பந்தம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. கேட்டால் மாற்றித் தருவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பது. அதே 2019 கொள்கை இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. கல்லூரியின் வசதியையோ பணத்தையோ கணிசமாகப் பயன்படுத்தி உருவாக்கியிருந்தால், அல்லது பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்திருந்தால், கல்லூரிக்கும் கூட்டு உரிமை உண்டு. கல்லூரி வசதியைத் தொடாமல், பாடத்துக்கு வெளியே செய்தால் முழுக்க உங்களுடையது. ஆக, ஃபைனல் இயர் ப்ராஜெக்டையே ஸ்டார்ட்அப் ஆக்குவது வசதியாகத் தெரிந்தாலும் அங்கேதான் வழக்கு பிறக்கிறது. முதலீட்டாளரின் வக்கீல் முதலில் கேட்பது, 'சாஃப்ட்வேர் கோடு முழுவதும் கம்பெனி பெயருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டதா?' என்பதைத்தான். ப்ராஜெக்ட் கைடாக இருந்த பேராசிரியர் பெயரில் பேட்டன்ட் விண்ணப்பம் கிடந்தால் பதில் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது எளிது. ப்ராஜெக்டுக்கு வேறு தலைப்பை எடுங்கள். ஸ்டார்ட்அப்பின் சாஃப்ட்வேர் கோடை சொந்த லேப்டாப்பில், சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கிட்ஹப் கணக்கில், முதல் நாளிலிருந்தே தேதியோடு சேமியுங்கள். கல்லூரி மின்னஞ்சலில் திறந்தால் படிப்பு முடிந்ததும் அந்த முகவரி மூடப்படும், கணக்குக்குள் நுழைவதே பெரும்பாடாகும். லேபைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே துறைத் தலைவரிடம் ஒரு பக்க என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குங்கள். தயாரிப்பு ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் அதே காகிதத்துக்கு விலை கூடிவிடும்.

சரி, வெளியே போவது என்று முடிவானால் அங்கே என்ன காத்திருக்கிறது? பெரும்பாலும் தாய்க் கம்பெனி அமெரிக்காவின் டெலவேரில் இருக்க வேண்டும் என்பார்கள். ஒய் காம்பினேட்டர் சிங்கப்பூரையும் கேமன் தீவையும்கூட ஏற்கிறது. கம்பெனி பதிவு செய்து தரும் ஸ்ட்ரைப் அட்லஸ் என்ற இணைய சேவையில் 500 டாலர் கட்டினால் சில நாளில் டெலவேர் கம்பெனி தயார். அவ்வளவு சுலபமாக முடிவதுதான் ஆபத்து. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் தன் கட்டுப்பாட்டில் இருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழே துணைக் கம்பெனி வைத்திருக்க முடியாது. 10 சதவீத வாக்குரிமையே கட்டுப்பாடு என்ற வரையறைக்குள் வந்துவிடும். டெலவேரில் தாய், சென்னையில் சேய், நடுவில் தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபவுண்டர் என்ற அமைப்பு நேராகவே இந்த விதியில் போய் முட்டுகிறது. இந்தியக் கம்பெனியைத் துணைக் கம்பெனியாக ஆக்காமல், இரண்டுக்கும் இடையே சந்தை விலையில் சேவை ஒப்பந்தம் போட்டு நடத்துகிறவர்கள் உண்டு. ஃபவுண்டரே வெளிநாட்டில் குடியேறுவதும் உண்டு. எது என்பதை அந்நியச் செலாவணிச் சட்டம் தெரிந்த சி.ஏ. ஒருவரிடம், கம்பெனி தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். பங்குக்கான பணம் சில நூறு டாலர்தான் என்றாலும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே, வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் ஃபார்ம் எஃப்.சி. கொடுத்துத்தான் போக வேண்டும். நண்பரின் அமெரிக்க கார்டில் கட்டிவிட்டு இரண்டு வருடம் கழித்துச் சரிசெய்யப் போனால் ரிசர்வ் வங்கியிடம் மன்னிப்பு மனு போடும் வேலையாகும்.

டெலவேரிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு பில் வரும். ஒரு கோடி பங்குகளோடு பதிவான கம்பெனிக்கு அதில் 85,165 டாலர் என்று போட்டிருக்கும். பதற வேண்டாம். அங்கீகரித்த பங்கு எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு அது. சொத்து மதிப்பை வைத்துப் போடும் இன்னொரு முறைக்கு மாற்றினால், ஆரம்பநிலைக் கம்பெனிக்கு வரி 400 டாலரும் ஆண்டறிக்கைக்கு 50 டாலரும்தான். மார்ச் 1-க்குள் கட்டிவிட வேண்டும். அதைவிட வலிப்பது அமெரிக்க வருமான வரித் துறையின் 5472 படிவம். கால்வாசியோ அதற்கு மேலோ ஒரு வெளிநாட்டவர் கையில் இருக்கும் கம்பெனி, அவரோடு வைத்துக்கொண்ட கொடுக்கல் வாங்கலைக் காட்ட வேண்டியது. தவறவிட்டால் அபராதம் 25,000 டாலர்.

ஒருமுறை வெளியே போனால் திரும்பி வரவும் காசு. ஒய் காம்பினேட்டரில் இருந்து வந்த, பங்கு வாங்கி விற்கும் ஆப் நடத்தும் குரோ, தானே பங்குச் சந்தைக்கு வருவதற்காக 2024-இல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு இடம் மாறியபோது கட்டிய வரி ஏறக்குறைய 1,340 கோடி ரூபாய். வாடிக்கையாளர்களும் இந்தியர்கள், கடைசியில் பட்டியலிடப் போவதும் மும்பையில் என்றால் இதை முதல் நாளே யோசிக்கலாம். இன்னொன்று: சீட் ஃபண்டுக்கு விண்ணப்பிக்கும்போது இந்திய ஃபவுண்டர்களிடம் 51 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். தாய்க் கம்பெனி டெலவேருக்குப் போனபின் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் மானியம் வாங்கும் எண்ணம் இருந்தால் அது முதலில், வெளிநாடு அப்புறம்.

யார் போகவே கூடாது? இரும்பையும் உயிரணுவையும் வைத்து வேலை செய்கிறவர்கள். ராக்கெட் கம்பெனியான அக்னிகுல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2017-இல் தொடங்கி, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. ஏழு வருட வேலை அது. மூன்று மாத புரோகிராமில் அடங்குகிற வேலையா? மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தரும் அதே வளாகத்தில் வளர்ந்ததுதான். லேப், சோதனைக் கூடம், அரசு அனுமதிக்கு நடக்கும் பேராசிரியர் எல்லாம் தேவைப்படும் இடத்தில் நல்ல வளாகத்துக்கு மாற்று இல்லை. மருத்துவக் கருவி, உயிரித் தொழில்நுட்பம் என்றால் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப அமைப்பான பைராக்கின் பிக் மானியம் 50 லட்சம் வரை, 18 மாதத்துக்கு. பங்கு கேட்கமாட்டார்கள். நான் இங்கே குறை சொல்வதெல்லாம் லேப் இல்லாமல் மேசையும் பேனரும் மட்டும் வைத்திருக்கும் இன்குபேட்டர்களைத்தான். அமெரிக்காவில் இருக்கும் சின்ன நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் விற்கிறவருக்கு அவற்றால் ஒரு வாடிக்கையாளரைக்கூட அறிமுகப்படுத்த முடியாது.

பங்கு கேட்காத வெளிநாட்டு வழிகளும் உண்டு. சிலி அரசு 2010-இலிருந்து நடத்தும் ஸ்டார்ட்-அப் சிலி, மாணவர் குழுக்களுக்கான ஹல்ட் பிரைஸ், 22 வயது வரையுள்ளவர்களுக்கான தீல் ஃபெலோஷிப். கடைசியில் சொன்னதற்குக் கல்லூரியை விட்டுவிட வேண்டும். ஓயோவின் ரித்தேஷ் அகர்வால் 2013-இல் அதில்தான் ஒரு லட்சம் டாலர் வாங்கினார். தேர்வாகாவிட்டாலும் ஒய் காம்பினேட்டரின் ஸ்டார்ட்அப் ஸ்கூல் பாடங்களும், இணை ஃபவுண்டரைத் தேடித்தரும் தளமும் இலவசம். 'உலகளாவிய' என்று பெயர் வைத்துக்கொண்டு பங்கேற்புக் கட்டணம், விமான டிக்கெட், சான்றிதழுக்குத் தனிக் காசு என்று கேட்டு வரும் மின்னஞ்சல்களை அப்படியே அழித்துவிடலாம். பணம் அவர்களிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும், எதிர்த்திசையில் போகக் கூடாது.

ஒய் காம்பினேட்டர் விண்ணப்பத்தில் நம் மாணவர்கள் சறுக்கும் இடம் கிட்டத்தட்ட எப்போதும் முதல் வரிதான். 'செயற்கை நுண்ணறிவின் துணையோடு மருத்துவத் துறையை மாற்றியமைக்கும் ஒருங்கிணைந்த தளம்' என்று எழுதுவார்கள். கல்லூரிப் போட்டியில் பரிசு வாங்கித் தந்த வாக்கியம் அது. படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 'பல் மருத்துவமனைகளின் தவறிய போன் அழைப்புகளுக்குத் திரும்ப அழைத்து அப்பாயின்ட்மென்ட் போடும் சாஃப்ட்வேர். 9 மருத்துவமனைகள் மாதம் 3,000 ரூபாய் கட்டுகின்றன' என்று எழுதினால் தெரியும். வீடியோ ஒரு நிமிடம்தான். எல்லா ஃபவுண்டர்களும் அதில் வர வேண்டும், எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, இசையும் எடிட்டிங்கும் வேண்டாம். நேர்காணல் 10 நிமிடம், ஸ்லைடு கிடையாது. நடுவில் மறித்துக் கேட்பார்கள். 'சார்' போட்டு முன்னுரை சொல்ல ஆரம்பித்தால் அதிலேயே இரண்டு நிமிடம் போய்விடும்.

கடைசியாகக் காலண்டர். ஒய் காம்பினேட்டர் இப்போது வருடத்துக்கு நான்கு பேட்ச் நடத்துகிறது. படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 2025-இல் ஏர்லி டிசிஷன் என்ற வழியையும் திறந்தது: படிக்கும்போதே தேர்வாகி, டிகிரி முடிந்ததும் பேட்சில் சேரலாம். ஆறாம் செமஸ்டரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. முன்னதாகவே போகத்தான் வேண்டும் என்றால், 2019 கொள்கையில் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இடைவெளி எடுக்கவும், அட்டெண்டன்ஸ் குறைந்தாலும் அனுமதி பெற்றுத் தேர்வு எழுதவும் இடம் இருக்கிறது. ஹெச்.ஓ.டி.யிடம் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், பல கல்லூரிகளில் அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றுதானா என்பதையும் இப்போதே பாருங்கள். விசாவுக்கும் வங்கிக்கும் டெலவேர் பத்திரத்துக்கும் வேறு வேறு பெயர் கொடுத்துவிட்டுப் பின்னால் திருத்தி முடிக்க மாதக்கணக்காகும், பேட்ச் அதற்காகக் காத்திருக்காது.