காட்டில் பெரட்டு

அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். தோட்டத்துப் பெரட்டில், பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுக்கும் வரிசையில், நின்று பழகியவர். தோட்டத்தை விட்டு கோலாலம்பூர் செந்தூலில் எங்களோடு வந்து தங்கிய பிறகும், மரத்தைக் கண்டால் அவர் கை தானாகப் பட்டையைத் தடவும். காட்டு வளர்ப்பு ஆய்வில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "பால்மரத்தை இருபத்தஞ்சு, முப்பது வருஷத்துல வெட்டிட்டு மறுபடி நடுவான். காட்டுல யாருப்பா நடுறா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

பலகைக்கு வெட்டும் மெரந்தி வகை காட்டு மரங்கள் வருடா வருடம் காய்ப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். எந்த வருடம் என்று யாரும் தேதி குறிக்க முடியாது. விதையை நெல்போல மூட்டை கட்டி வைக்கவும் வழியில்லை, விழுந்த கொஞ்ச நாளில் முளைக்காவிட்டால் செத்துவிடும். ஆக, அடுத்த காடு இப்போதே பெரிய மரத்தடியில் முழங்கால் உயரத்தில் நிற்க வேண்டும். என் வேலையில் பாதி குனிந்து கன்று எண்ணுவதுதான். காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைகளை எண்ணச் சொல்லியிருந்தால் சீக்கிரம் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

1948-ல் வந்த மலாயன் யூனிஃபார்ம் சிஸ்டம் என்ற காடு வெட்டும் முறை இந்தக் கன்றுகளை நம்பித்தான் நின்றது. 45 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட விலைபோகும் மரங்களை ஒரே முறையில் வெட்டினார்கள். வேண்டாத மரங்களுக்குப் பட்டையைச் சுற்றி வெட்டி நஞ்சு வைத்தார்கள். அப்படிச் செத்த இனங்களில் சில பின்னாளில் நல்ல விலைக்குப் போனது வேறு கதை. தாழ்நிலத்தில் கன்றுகள் வளர்ந்தன. ஆனால் அந்த நிலமே செம்பனைக்கும் ரப்பருக்கும் போய்விட்டது. வெட்டு மலைக்கு ஏறியது, அங்கே கன்றுகள் திட்டுத்திட்டாகத்தான் இருந்தன. அதனால் 1978-ல் முறை மாறியது: வெட்டும் முன் கணக்கெடுப்பு, நடுத்தர மரங்களை விட்டுவைத்தல், ஏறக்குறைய 30 வருடச் சுற்று. மலை என்றால் மரம் மட்டுமா? கோலாலம்பூருக்குக் குடிநீர் தரும் கிள்ளான் கேட்ஸ் அணைக்குத் தண்ணீர் இறங்குவதும் காட்டு மலையிலிருந்துதான்.

முதல் வாரமே ஒரு பெரிய மரத்துக்கு டேப் சுற்றும் அவசரத்தில், எண் கட்டிய மூன்று கன்றுகளைப் பூட்ஸால் மிதித்துவிட்டேன். கூட வந்த ஒராங் அஸ்லி (பூர்வகுடி) பெரியவர் மலாயில் சொன்னார்: "பெரிய மரம் எங்கேயும் ஓடாது. கீழே பார்த்து நட." மறுமுறை கணக்கெடுத்தபோது மூன்றும் இல்லை. 'இறந்தது' என்ற இடத்தில் குறித்துவிட்டு, காரணத்தில் 'மிதிபட்டது' என்று எழுதினேன். யார் என்று எழுத அங்கே இடம் இல்லை, நல்லவேளை.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண் கட்டுவது, வந்து தேடுவது, இல்லாததைக் குறிப்பது. கேட்டுக்கொண்டே இருந்தவர் சிரித்தார்.

"அப்ப நீ கன்னுங்களுக்குப் பெரட்டு எடுக்கிறேன்னு சொல்லு."