எதற்காகப் படித்தீர்கள் என்று கேட்டார்

பதவி உயர்வை ஏற்க இயலாது என்று எழுதிய கடிதத்தை எங்கள் வங்கிக் கிளை மேலாளரின் மேசையில் வைத்தபோது, அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்புறம் எதுக்கும்மா இத்தனையும் படிச்சீங்க?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த மனிதர். என் தேர்வுகளுக்காக மாதக் கடைசியில்கூட விடுப்பு கொடுத்தவர். நேர்முகத்துக்கு முந்தைய மாலை, கிளையை மூடிய பிறகும் உட்கார்ந்து எனக்குக் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுத்தவர். "வீட்டுச் சூழ்நிலை, சார்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தார், மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள், பணியிடமோ குஜராத்தில். ஆனால் அவர் கேட்டது நான் ஏன் போகவில்லை என்பதை அல்ல. ஏன் படித்தேன் என்பதை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒருவித மூச்சுமுட்டல். சேர்ந்த கிளையிலேயே, ஏறத்தாழ அதே கவுண்டரில், பணம் வாங்குவதும் கொடுப்பதும் பாஸ்புக் பதிவதுமாக ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குப் பின் சேர்ந்தவர்கள் அதிகாரிகளாகி வெளிமாநிலம் போய், மேலாளர்களாகத் திரும்பி வந்தார்கள். 2016 நவம்பரில் பழைய நோட்டுகளோடு வந்து நின்ற கூட்டத்துக்கு நடுவே இரவு வரை வேலை பார்த்தபோதுகூட எனக்கு அலுப்பு வரவில்லை. அந்த வேலைக்கு அவசரம் இருந்தது, அது ஒரு நாள் முடியும் என்பதும் தெரிந்திருந்தது. அதன் பிறகு வந்த சாதாரண நாட்களில்தான், ஓய்வு பெறும் வரை இவ்வளவுதானா என்ற எண்ணம் காலையில் எழும்போதே கூடவே எழத் தொடங்கியது.

அந்த மனநிலையில்தான் வங்கி ஊழியர்கள் எழுதும் ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்குப் பணம் கட்டினேன். இப்போது நான்கு தாள்கள், அப்போது மூன்று. தேறினால் ஓர் இன்க்ரிமென்ட் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் சட்டத் தாளைப் படித்தபோது எனக்கு நேர்ந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. 'அக்கவுண்ட் பேயீ' என்று கோடிட்ட காசோலையை வேறொருவர் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காசோலையை வசூலிக்கும் வங்கி நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் நடந்துகொண்டால் மட்டுமே 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் அதன் 131ஆம் பிரிவில், தவறானவருக்குப் பணம் போய்விட்டாலும், அதற்குப் பாதுகாப்புத் தருகிறது என்று படித்த அன்று, அத்தனை ஆண்டுகளாக என் கை செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு காரணம் கிடைத்தது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர, அதனாலேயே அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவுண்டருக்கு வந்த அண்ணன் தம்பிகளிடம் என்னால் தெளிவாகச் சொல்ல முடிந்தது. பத்தாண்டுகள் யாரும் கேட்காத வைப்புத்தொகை 2014 முதல் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. ஆனாலும் உரியவர் எப்போது வந்து கேட்டாலும் வங்கி அதைக் கொடுக்க வேண்டும். வேறெங்கோ "பணம் போய்விட்டது" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு இதைச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்த நாளில், நாற்காலி மாறாமலே நான் வேறோர் இடத்துக்கு வந்துவிட்டதாக உண்மையாகவே உணர்ந்தேன்.

ஆகவே மேலாளரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: "சார், எதற்காகப் படித்தேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது." பல நாட்கள் இந்தப் பதிலே போதுமானதாக இருக்கிறது. சில நாட்கள் இருப்பதில்லை. ஜே.ஏ.ஐ.ஐ.பி. முடிந்ததும் அதற்கடுத்த நிலைத் தேர்வான சி.ஏ.ஐ.ஐ.பி., அதன் பின் பதவி உயர்வுத் தேர்வு என்று எனக்கு முன்னால் எப்போதும் இன்னொன்று இருந்தது. தேக்கம் தீர்ந்தது படிப்பினாலா, அல்லது அடுத்த தேதி ஒன்று காத்திருந்ததாலா? இனி எழுதத் தேர்வு இல்லை என்றான பிறகு, பழைய எண்ணம் சில காலைகளில் மெல்லத் திரும்பி வருவதை நான் மறுக்க முடியாது.

கடிதம் கொடுத்த அடுத்த ஆண்டு நடந்த ஒன்றும் இதோடு சேர்ந்துகொண்டது. கணவரை இழந்த ஒரு பெண், நாமினியாகத் தன் பெயர் பதிவான கணக்கின் பணத்தைக் கேட்டு வந்தார். புதிதாக வந்திருந்த அதிகாரி, தொகை பெரியது என்பதால், நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்றார். நாமினி இருந்தால், தொகை எவ்வளவானாலும், அதைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005லேயே சொல்லிவிட்டது. சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, மேலிடத்தில் கேட்டுச் செய்யலாம் என்றார். அந்தப் பெண் பேருந்து ஏறி வந்து வந்து திரும்பினார். கடைசியில் பணம் கிடைத்தது. ஆனால் விதி எனக்குத் தெரிந்திருந்தது, ஒப்புதல் தரும் இடம் வேறொருவருடையதாக இருந்தது. "கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு எத்தனை பேருக்கும்மா செய்வீங்க?" என்று மேலாளர் அன்று மேலும் கேட்டிருந்தது அந்த வாரம் முழுவதும் மனத்தில் ஓடியது. என் படிப்பு எனக்கு நிறைவைத் தந்தது; அந்தப் பெண்ணுக்கு அது ஒரு நாளைக்கூட மிச்சப்படுத்தவில்லை.

வீட்டுச் சூழ்நிலையை நான் சாக்காகச் சொல்லவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்ட அந்த ஆண்டுகளுக்காக எனக்கு வருத்தம் துளியும் இல்லை. வேறு யார் பார்த்திருந்தாலும் என் மனம் ஆறியிருக்காது. ஆனால் "போயிட்டு வா, சமாளிச்சுக்கலாம்" என்று கணவர் சொன்னதையும் நான் மறைக்கக் கூடாது. வழி முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. அறியாத மொழி பேசும் ஊரில், கடன் கோப்புகளில் கையெழுத்திட்டு அதற்குப் பொறுப்பேற்கும் வேலைக்கு நான் அஞ்சினேனா என்று கேட்டால், அஞ்சினேன் என்றும் சொல்வேன், அது மட்டுமே காரணம் அல்ல என்றும் சொல்வேன். இரண்டில் எதன் எடை அதிகம் என்பது நாளுக்கு நாள் மாறுகிறது.

சென்ற மாதம், கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் என் பழைய குறிப்பேடுகளை வாங்கிக்கொண்டு, "பாஸ் பண்ணிட்டா ஆபீசர் ப்ரமோஷனுக்குப் போகலாமாக்கா? வெளியூர் போட்ருவாங்களே" என்று கேட்டாள். "போ, யோசிக்காதே" என்றேன். சொல்வதற்கு எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அவள் இளையவள், இன்னும் திருமணம் ஆகவில்லை, அவள் நிலைமை வேறு என்று பிறகு எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சரியானதுதான். ஆனால் படிப்பே போதும், படிப்பிலேயே நிறைவு இருக்கிறது என்று நான் இத்தனை நாள் நம்பிவந்ததில் ஒரு சொல்லைக்கூட அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.