20.5-க்கு ஒரு கையெழுத்து

“எல்லைக்குள்ளதான் சார் இருக்கு. கையெழுத்துப் போடலாமா?”

“போடலாம்மா.”

பேச்சு இவ்வளவுதான். டேங்குக்குள் இறக்கிய வாயு மீட்டரில் ஆக்சிஜன் 20.5 சதவீதம். எல்இஎல் (எரியும் வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற எண்) 0, ஹைட்ரஜன் சல்பைடு 0, கார்பன் மோனாக்சைடு 0. உள்ளே இறங்குவதற்கான அனுமதித் தாளான பெர்மிட்டில் அச்சடித்திருந்த ஆக்சிஜன் எல்லை 19.5 முதல் 23.5 வரை. கேட்டவர் தொழிற்பாதுகாப்பு, தொழில்நலப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவி; பயிற்சிக்காக வந்தவர். பதில் சொன்னது நான். இரண்டு பேர் டேங்கில் இறங்கினார்கள், வெல்டிங் தையல்களைப் பார்த்தார்கள், நாற்பது நிமிடத்தில் ஏறி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் அந்தப் ‘போடலாம்மா’ இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். மீட்டர் 20.5 காட்டினால் 0.4 எங்கேயோ போயிருக்கிறது. ‘அரை சதவீதம்கூட இல்லையே’ என்று பலரும் அதைக் கடந்துவிடுகிறார்கள். கணக்கு அப்படிப் போகாது. வேறொரு வாயு உள்ளே நுழைந்தால் அது ஆக்சிஜனை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளாது. காற்றை மொத்தமாகத் தள்ளும். அந்தக் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அதனால் 0.4-ஐ 0.209-ஆல் வகுக்க வேண்டும். 1.9 சதவீதம் வருகிறது. பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொன்னால், சுமார் 19,000. நச்சு வாயு எல்லைகளை 10, 35, 100 பிபிஎம் என்று மனப்பாடம் செய்து தேர்வெழுதுகிற அதே மாணவர், 19,000 பிபிஎம் அளவுக்கு ஏதோ ஒன்று உள்ளே இருக்கலாம் என்று சொல்கிற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏற்கத்தக்கது’ என்று எழுதிவிடுகிறார்.

அந்த ‘ஏதோ ஒன்று’ என்னவாக இருக்கும்? மற்ற மூன்று சென்சார்களைக் கொண்டே பாதியைக் கழித்துவிடலாம். மீத்தேன் 1.9 சதவீதம் இருந்தால் எல்இஎல்லில் 38 காட்டி மீட்டர் அலறியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அந்த அளவில் இருந்தால் சொல்லவே வேண்டாம். நான்கு வாயு மீட்டருக்குத் தெரியாதவைதான் மிச்சம்: நைட்ரஜன், ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு, பிறகு நீராவி. இவை தவிர, யாரும் தள்ளாமலே ஆக்சிஜன் குறையவும் வழி உண்டு. ஈர இரும்பு துருப்பிடிக்கும்போது அதைத் தின்றுவிடும். வாரக்கணக்கில் மூடிக் கிடந்த இரும்பு டேங்குகளில் ஆட்கள் நினைவிழந்து விழுவது இதனால்தான்.

அன்று டேங்கை முந்தின நாள்தான் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். சுவரெல்லாம் ஈரம். இங்கே மனம் தனக்குச் சாதகமாக ஒரு கணக்குப் போடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் முழுக்க நிறைந்த காற்றில் நீராவி 4.2 சதவீதம். வெளிக்காற்றின் ஈரப்பதம் 60 என்றால் அதில் நீராவி 2.5 சதவீதம். மீட்டரை வெளிக்காற்றில் 20.9-க்குச் சரிசெய்துவிட்டு உள்ளே இறக்கினால், கூடுதலாக இருக்கும் 1.7 சதவீத நீராவியே ஆக்சிஜனை ஏறத்தாழ 0.35 குறைத்துக் காட்டிவிடும். 20.5-க்கு முழு விளக்கமும் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. ஈரம்தான், வேறொன்றுமில்லை.

ஆனால் இந்தக் கணக்கு பிறகு போட்டது. ‘போடலாம்மா’ என்ற அந்த நொடியில் இது யார் மனதிலும் இல்லை. எண் எல்லைக்குள் இருந்தது, வாய் திறந்தது, அவ்வளவுதான். பதில் சரியாக அமைந்துவிட்டதால் அதற்குப் பின்னால் ஒரு யோசனையும் இருந்ததாக ஆகிவிடுமா?

அந்த டேங்குக்கு நைட்ரஜன் லைன் ஒன்று உண்டு. வால்வை மூடி, பூட்டுப் போட்டு, டேக் கட்டியிருந்தார்கள். மூடிய வால்வு மட்டும் போதாது, உள்ளே கசியும் வால்வுகள் எத்தனையோ என்று முதலாமாண்டு மாணவருக்கும் தெரியும். லைனைக் கழற்றிப் பிரிக்க வேண்டும், அல்லது குழாய் இணைப்பு வளையங்களான ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே பிளைண்டு என்ற அடைப்புத் தகட்டைச் செருக வேண்டும். பெர்மிட்டில் ‘பிளைண்டு போடப்பட்டது’ என்ற வரிக்கு நேராக டிக் இருந்தது. டிக்கைப் பார்த்தோம். ஃபிளாஞ்சைப் போய்ப் பார்க்கவில்லை.

20.5-ல் யாருக்கும் மூச்சு முட்டாது. நைட்ரஜன் என்றே வைத்துக்கொண்டாலும் அந்த நிமிடத்துக்கு ஆபத்தில்லை. கசிவு என்றால் எண் நகர்ந்துகொண்டே போகும் என்பதுதான் ஆபத்து. இப்போது 20.5, அரைமணி கழித்து 18, அப்புறம் 12. நைட்ரஜனுக்கு மணமில்லை. மூச்சுத் திணறலும் முன்கூட்டி வராது; கார்பன் டை ஆக்சைடு சேரும்போதுதான் உடம்பு ‘காற்று போதவில்லை’ என்று துடிக்கும், ஆக்சிஜன் குறைவதை அது அப்படி உணராது. 6 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் சில மூச்சுகளில் நினைவு தப்பிவிடும். மேலே காவல் நிற்பவர் ‘ஆள் விழுந்துட்டாரே’ என்று பின்னாலேயே குதிப்பார். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எழுதி வைத்தது. காவலுக்கு நிற்பவரிடம் ‘என்ன ஆனாலும் உள்ளே இறங்காதே, முக்காலியின் வின்ச்சைச் சுற்றி ஆளை மேலே தூக்கு’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான்.

வால்வு கசிகிறதா, வெறும் ஈரமா என்று பிரித்தறிவது பெரிய வித்தையில்லை. ஆள் இறங்குவதற்கு முன்னால், டேங்குக்குள் காற்று ஊதும் புளோயரை நிறுத்து. பதினைந்து நிமிடம் பொறு. மேல், நடு, அடி என்று அதே மூன்று மட்டங்களில் மறுபடி அள. எண் அசையாமல் இருந்தால் அநேகமாக ஈரம். இறங்கிக்கொண்டே போனால் எங்கிருந்தோ வருகிறது. புளோயர் ஓடும்போதே அளந்தால் இது தெரியாது. சிறு கசிவைப் புளோயர் அடித்துக்கொண்டு போய் மீட்டரில் நல்ல எண்ணைக் காட்டிவிடும். ட்யூபை இறக்கியதும் எண்ணைப் படிக்கிற பழக்கமும் கெட்டது. பம்ப் அந்த நீளத்துக்குக் காற்றை இழுத்து வர வேண்டும், பிறகு சென்சார் நிலைக்கு வர அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் எழுதுகிற எண் மேன்ஹோல் வாயில் இருந்த காற்றின் எண். இன்னொரு தவறும் நடக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மீட்டரை ‘வெளிக்காற்றில்’ சரிசெய்கிறோம் என்று மேன்ஹோலுக்குப் பக்கத்திலேயே நின்று பொத்தானை அழுத்துவார்கள். உள்ளிருந்து வருகிற கெட்ட காற்றை மீட்டர் ‘இதுதான் 20.9’ என்று கற்றுக்கொள்ளும். அதற்கப்புறம் அது சொல்வதெல்லாம் அந்தப் பொய்யின் மேல் கட்டியது.

அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் அன்று கொடுத்திருக்க வேண்டும். மாணவியிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: “0.4 எங்கம்மா போச்சு?” அவரால் பதில் சொல்லியிருக்க முடியும். பகுதி அழுத்தம், டால்டன் விதி எல்லாம் முதலாமாண்டு வேதியியலில் வந்துவிடுகின்றன. நீராவி அழுத்த அட்டவணையைக் கரைத்துக் குடித்தவர்தான் அவர். மீட்டர் வருவது மூன்றாமாண்டில், வேறொரு பாடத்தில், வேறொரு ஆசிரியரிடம். இரண்டுக்கும் நடுவே பாலம் போட வேண்டிய இடம் மேன்ஹோல் வாய். அங்கே போய் நின்றபோது கிடைத்தது ஒரு ‘போடலாம்மா’.

இந்தப் படிப்பில் பெரிய குறை என்று படுவது இதுதான். எல்லைகளைச் சொல்லித் தருகிறோம். எல்லைக்குள் இருக்கிற எண்ணை எப்படி வாசிப்பது என்று சொல்லித் தருவதில்லை. பெயிண்ட் கரைப்பானான டொலுவீனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்இஎல்லில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கலாம் என்பது எல்லா மாணவருக்கும் தெரிந்த விதி. டொலுவீனின் எல்இஎல் 1.1 சதவீதம். அதில் பத்தில் ஒரு பங்கு 1,100 பிபிஎம். உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று அதற்கு வைத்திருக்கிற அளவோ 500 பிபிஎம். தீப்பிடிக்காது என்று சொல்லும் எண், மூச்சுவிடத் தகாத எண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆபத்து மதிப்பீட்டு அட்டவணையிலும் இதே கதைதான். நிகழ வாய்ப்பு 2, விளைவு 5 என்றால் இரண்டையும் பெருக்கி 10. வாய்ப்பு 5, விளைவு 2 என்றாலும் 10. அபூர்வமாக வரும் சாவும் அடிக்கடி வரும் கைக்காயமும் ஒரே மஞ்சள் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பெருக்கத் தெரிந்த மாணவர் மஞ்சள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

படிக்கிறவர்களிடம், முக்கியமாக ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களிடம் சொல்ல ஆசைப்படுவது: இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குப் ‘பாதுகாப்பு உபகரண விழிப்புணர்வு’ என்று ஐம்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுக்காதீர்கள். ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள், எந்த வாயுவில் கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்தது, எது அதைக் கெடுக்கும் என்பது வரை. எல்இஎல் சென்சாரை சிலிக்கோன் ஸ்ப்ரே கெடுத்துவிடும். ஆக்சிஜன் மிகவும் குறைந்தாலும் அது தவறாகக் காட்டும். முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பிறகு நச்சு வாயு என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். இந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டவருக்கு வரிசை தானாக நினைவில் நிற்கும்.

எழுதிக்கொண்டு வரும்போது எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. உடனே எதிர்க்கேள்வியும் வந்துவிடுகிறது. ஒவ்வொரு 0.1-க்கும் காரணம் தேடினால் எந்த வேலை முடியும்? மீட்டர் காட்டுகிற மிகச் சிறிய மாற்றமே 0.1 தான், சென்சார் வயதானாலும் வெயில் பட்டாலும் அது அந்த அளவுக்கு ஆடும். எல்லை என்று ஒன்றை வைத்ததே களத்தில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் வேதியியல் ஆய்வு செய்யாமல் முடிவெடுக்கட்டும் என்றுதான். அன்று உள்ளே போனவர்கள் இடுப்பில் மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. எண் இறங்கியிருந்தால் 19.5-ல் அலாரம் அடித்திருக்கும். முக்காலி இருந்தது, காவலுக்கு ஆள் இருந்தார். முறைப்படி ஒரு குறையுமில்லை.

முறைப்படி என்றதும் பைப்பர் ஆல்ஃபா ஞாபகத்துக்கு வருகிறது. 1988 ஜூலை 6. வடகடல் எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியதற்குப் பெர்மிட் இருந்தது. திறந்த குழாய் முனையில் தற்காலிகத் தகடு ஒன்றும் இருந்தது. அது கசிவைத் தாங்கும்படி இறுக்கப்படவில்லை என்பதும், வால்வே அங்கு இல்லை என்பதும் இரவு ஷிப்டுக்குத் தெரியவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள். பெர்மிட் என்ற தாளை மாணவர்களுக்கு விளக்க அதைவிடக் கனமான பாடம் இல்லை. அதை வகுப்பில் விரிவாகச் சொன்ன பிறகும் பிளைண்டின் டிக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்குச் சரி என்று சொல்ல முடிகிறது.

அந்த மாணவியின் பயிற்சி அறிக்கையில் அன்றைய பதிவு இருக்கிறது: ‘ஆக்சிஜன் 20.5. ஏற்கத்தக்கது.’ மேற்பார்வையாளர் ஒப்பம் அதன் கீழேயே இருக்கிறது. அறிக்கைக்கு நல்ல மதிப்பெண்.

படிப்பு முடிந்து அவர் வேறொரு ஆலையில் சேர்ந்தார். ஆறேழு மாதம் கழித்துப் பேசியபோது இந்த 0.4 கணக்கை அவரிடம் முழுக்கச் சொன்னேன். கடன் ஒன்றைத் தீர்த்த மாதிரி இருந்தது. அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார், காகிதத்தில் போட்டும் பார்த்தார். அடுத்த மாதமே ஒரு டேங்கில் 20.6 வந்திருக்கிறது. புளோயரை நிறுத்தச் சொல்லி, இருபது நிமிடம் காக்க வைத்து, மறுபடி அளந்திருக்கிறார். 20.6 அப்படியே நின்றிருக்கிறது. ஈரம்தான். வெயிலில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஃபோர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாராம்.

“சரியாத்தானே சார் செஞ்சேன்?” என்று கேட்டார். சரிதான் என்றேன். இந்த முறை யோசித்துத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த ஆட்கள் அளப்பதற்கு அவரைக் கூப்பிடுவதில்லை. மீட்டரை அவர்களே இறக்கி, எண்ணை அவர்களே எழுதி, தாளை மட்டும் ஒப்பத்துக்கு மேசைக்கு அனுப்புகிறார்கள். கடைசியாக வந்த பெர்மிட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததாகச் சொன்னார். மேல், நடு, அடி, மூன்று மட்டத்திலும், எல்லாத் தாளிலும், 20.9.