மீட்டியோர் செயற்கைக்கோளின் நான்கு புள்ளிகள்

அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களின் ஏபிடி (எளிய அனலாக் முறையில் படம் அனுப்பும்) ஒலிபரப்பு 2025-இல் நின்றுவிட்டதால், 137 மெகாஹெர்ட்ஸில் வானிலைப் படம் பிடிப்பவர்கள் இப்போது ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசையையே நம்பியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரி 29 அன்று ஏவப்பட்ட மீட்டியோர்-எம் 2-4, 137.9 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 72,000 குறிகளை ஓகியூபிஎஸ்கே பண்பேற்றத்தில் (குறிக்கு இரண்டு பிட்டுகளை அலையின் நான்கு கோணங்களில் ஒன்றாக ஏற்றும் முறை) அனுப்புகிறது. மொட்டைமாடியில் 120 பாகை விரித்த வி வடிவ ஆன்டெனா (கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 53 செ.மீ.), ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் சிறிய யுஎஸ்பி வானொலி வாங்கி, மடிக்கணினியில் குறிகளைப் படமாக்கும் சாட்டம்ப் மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டே அதைப் பெற்றேன்.

படத்தைவிட என்னை அதிகம் ஈர்த்தது, பெற்ற ஒவ்வொரு குறியையும் அதன் கோணத்துக்கும் வீச்சுக்கும் ஏற்ப ஒரு புள்ளியாகக் காட்டும் கான்ஸ்டலேஷன் சாளரம்தான். செயற்கைக்கோள் அடிவானத்தைத் தாண்டும்போது உருவமற்ற புகையாக இருப்பது, மேலே ஏற ஏற நான்கு திட்டுகளாகப் பிரிகிறது. சாதாரணக் கியூபிஎஸ்கே-யிலும் இதே நான்கு புள்ளிகள்தாம் தெரியும் என்பதால், இரண்டையும் குனு ரேடியோ என்னும் வானொலி அலைச் செயலாக்க மென்பொருளில் உருவாக்கி, புள்ளிகளுக்கு இடையே அலை செல்லும் பாதையையும் வரைந்து பார்த்தேன். கியூபிஎஸ்கே-யில் இரண்டு பிட்டுகளும் ஒரே நேரத்தில் மாறக்கூடும் என்பதால் பாதை சில வேளை நடுமையத்தின் ஊடாகவே சென்று, அலையின் வீச்சு சுழியைத் தொடுகிறது. ஓகியூபிஎஸ்கே-யிலோ இரண்டு பிட்டுகளைச் சுமக்கும் இரு தடங்களில் ஒன்று அரைக் குறி நேரம் தாமதமாக வருவதால் கட்டம் (அலையின் கோணம்) ஒரே தாவலில் 180 பாகை மாறுவதில்லை. ஆகவே வரைபடத்தின் நடுவே ஒரு துளை எஞ்சுகிறது. வீச்சு பெரிதாக ஏறி இறங்காததால், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நேரியல்பற்ற பெருக்கியையும் அலை சிதையாமல் இயக்க முடிகிறது. சூரியத் தகட்டை நம்பி வாழும் கருவிக்கு இது சிறு ஆதாயம் அன்று.

பெறும் முனையில் அந்த அரைக் குறித் தாமதத்தை மற்றத் தடத்துக்கும் கொடுத்துச் சமன்செய்த பிறகே குறிகளைப் பிரிக்க வேண்டும்.

செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவெண் மாறும் டாப்ளர் பெயர்ச்சி இருபுறமும் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. ஆனால் அது மிக விரைவாக மாறும் உச்சி நேரத்திலும் நொடிக்கு 30 ஹெர்ட்ஸ் அளவே என்பதால், அலையின் அலைவெண்ணையும் கட்டத்தையும் பின்தொடரும் காஸ்டாஸ் வளையம் ஒருமுறை பூட்டியபின் அதன் அலையகலத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். குறைத்த பின் தாழ்வான கோணங்களிலும் பூட்டு நிலைத்தது. திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தபோதும் விட்டர்பி, ரீட்-சாலமன் என்னும் பிழைத் திருத்தங்கள் படத்தின் வரிகளை மீட்டுக் கொடுத்தன. அடுத்து, இதே பதிவை சாட்டம்ப் இல்லாமல் குனு ரேடியோவில் மட்டுமே பிரித்தெடுக்க முயல்கிறேன். காஸ்டாஸ் வளையம் நான்கு கோணங்களில் எதில் பூட்டியது என்பதை ஒவ்வொரு தரவுச் சட்டத்தின் தொடக்கத்திலும் வரும் 32 பிட் ஒத்திசைவுக் குறியைக் கொண்டு கண்டறியும் பகுதி மட்டும் பாக்கி.