11 டீம், ஒரே குறை: நிறுவனம் முழுக்க ரெட்ரோ நடத்திய அனுபவம்

"டெஸ்ட் சர்வர் மறுபடியும் விழுந்துடுச்சு." எங்கள் டீம் போர்டில் இந்த ஸ்டிக்கி நோட்டை நான் தொடர்ந்து மூன்றாவது ஸ்பிரின்ட்டாக (வேலையைப் பிரித்துச் செய்யும் குறுகிய சுற்று) பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வாரம் பக்கத்து டீமின் வேலைமுறையை வழிநடத்தும் ஸ்க்ரம் மாஸ்டர் விடுப்பில் இருந்ததால், அவர்களுடைய ரெட்ரோவையும் (ஸ்பிரின்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) நடத்தப் போனேன். அங்கேயும் அதே வரி. கையெழுத்து மட்டும்தான் வேறு. இரண்டு டீமும் ஒரே தொல்லையைத் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகச் சலித்து, "இது நம்ம கையில இல்ல" என்று ஓரமாக ஒட்டி வைத்திருந்தன.

ஒரே ப்ராடக்ட்டுக்கு அப்போது 11 டீம்கள் வேலை செய்தோம். எல்லோருக்கும் இரண்டு வார ஸ்பிரின்ட். ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்கு ரெட்ரோ அதிகபட்சம் மூன்று மணி நேரம் என்கிறது ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியான ஸ்க்ரம் கைடு. நாங்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். எந்த டீமும் ரெட்ரோவைப் பெயருக்கு நடத்தவில்லை. ஆனாலும் மக்கள் முகத்தில் ஒரு சோர்வு தெரிந்தது. தங்களால் மாற்ற முடிந்ததையெல்லாம் முதல் ஆறு மாதத்திலேயே மாற்றிவிட்டார்கள். மீதி இருந்தவை எல்லாம் டீம்களுக்கு நடுவில் இருந்த சிக்கல்கள். 2001-ல் மென்பொருள் உருவாக்குபவர்கள் எழுதிய அஜைல் அறிக்கையின் 12 கொள்கைகளில் கடைசியானது, டீம் குறிப்பிட்ட இடைவெளிகளில் தன்னைத்தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. டீமுக்கு வெளியே இருக்கும் தவற்றை யார் திரும்பிப் பார்ப்பது? அந்தக் கேள்வியை மேலே கொண்டுபோனேன். "நீங்களே எடுத்துச் செய்யுங்க" என்றார்கள்.

முதலில் நான் செய்தது பெரிய தவறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே வழியில் இறங்கப் போகிறவர்கள் இருப்பார்கள்.

11 டீமின் ரெட்ரோ குறிப்புகளையும் ஒரே ஷீட்டில் சேர்த்தேன். டீம் பெயர், குறை, எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று மூன்று நெடுவரிசை. எந்தக் குறை எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். மேனேஜர்களுக்கும் பார்க்க அனுமதி கொடுத்தேன். அவர்கள் பார்த்தால்தானே ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஸ்பிரின்ட்டில் குறிப்புகள் குறைந்தன. அதற்கடுத்த ஸ்பிரின்ட்டில் பாதி டீம்கள் "எல்லாம் நல்லாப் போகுது" என்ற தொனியில் எழுதியிருந்தன. நிலைமை சீராகிறது என்று மேலே இருந்த ஒருவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வாரம் ஒரு ரெட்ரோவில் டெவலப்பர் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நேராகக் கேட்டார்: "இந்த ஷீட்ட யார் யார் பாக்கறாங்க?" பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு டீம் தங்கள் கோட் ரிவ்யூ (ஒருவர் எழுதிய கோடை மற்றவர் சரிபார்ப்பது) தாமதமாகிறது என்று தங்களுக்குள் எழுதிவைத்ததை ஷீட்டில் படித்த மேனேஜர் ஒருவர், வேறொரு கூட்டத்தில், எல்லார் முன்னாலும், அந்த டீம் லீடிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தச் செய்தி ஒரே நாளில் 11 டீமுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹார்வர்ட் ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல அதற்கு அவர் கண்ட விளக்கம். நடந்ததை வெளியே சொல்ல அவர்கள் தயங்கவில்லை என்பதுதான். இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்திருந்தும், என் ஷீட் காலியானபோது அதன் பொருள் உடனே உறைக்கவில்லை.

ஷீட்டை அழித்தேன். 11 டீமின் தினசரி ஸ்டாண்டப் கூட்டத்துக்கும் போய், அழித்துவிட்டதையும், ஏன் அழித்தேன் என்பதையும், கேட்காமல் அவர்கள் பேச்சை வெளியே கொண்டுபோனது என் தவறு என்பதையும் சொன்னேன். நம்பிக்கை உடனே திரும்பவில்லை. பழையபடி எழுத ஆரம்பிக்க நான்கு மாதம் ஆனது.

அதன் பிறகு வைத்த முதல் விதி: ரெட்ரோவில் பேசுவது டீமுக்குள்ளேயே இருக்கும். வெளியே எது போக வேண்டும் என்பதை டீம்தான் முடிவு செய்யும். கடைசி பத்து நிமிடத்தில் போர்டில் மூன்று வட்டம் வரைவோம். நாமே சரிசெய்யக்கூடியவை உள்வட்டத்தில். நாம் சொன்னால் மற்றவர்கள் கேட்கக்கூடியவை அடுத்த வட்டத்தில். இரண்டிலும் சேராதவை வெளியே. ரெட்ரோ நடத்துவது பற்றிப் புத்தகம் எழுதிய டயானா லார்சன் பரப்பிய முறை இது, மிகவும் எளியது. வெளி வட்டங்களில் இருந்து அதிகபட்சம் இரண்டு குறைகளை டீமே தன் சொற்களில் எழுதிக் கொடுக்கும். பொதுப் போர்டுக்குக் குறை மட்டும் போகும், டீம் பெயர் போகாது.

இரண்டாவது, நடத்துபவர்களை மாற்றிக்கொண்டோம். ஒரு டீமின் ஸ்க்ரம் மாஸ்டர் இன்னொரு டீமின் ரெட்ரோவை நடத்துவார். எல்லா மாற்றங்களிலும் இதுதான் அதிகம் பலன் கொடுத்தது என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து வருபவருக்கு அந்த டீமின் பழங்கதை தெரியாது, அதனால் எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொண்ட ஒன்றைப் பற்றி "இது ஏன் இப்படி?" என்று கேட்பார். அதோடு அவருக்கு ஒரு பக்கம் சாய வேண்டிய அவசியமும் இல்லை. தன் டீமின் ரெட்ரோவில் முதல்முறையாக வெறுமனே உட்கார்ந்து பேச முடிந்தது என்று ஒரு ஸ்க்ரம் மாஸ்டர் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

ஒவ்வொரு ரெட்ரோவையும் ஒரு சின்ன ரகசிய ஓட்டோடு தொடங்கினோம். இங்கே மனம்விட்டுப் பேச முடியுமா என்று 1 முதல் 5 வரை துண்டுச்சீட்டில் எழுதி மடித்துப் போடுவார்கள். 1-ம் 2-ம் அதிகமாக வந்தால் திட்டமிட்டதை விட்டுவிட்டு, என்ன மாறினால் பேச முடியும் என்பதை மட்டும் கேட்போம். ஒருமுறை அறையில் இருந்த மேனேஜரை வெளியே போகும்படி நான் கேட்க வேண்டியிருந்தது. அவர் ஒரு நொடி திகைத்தார், பிறகு எழுந்து போனார். அன்று அந்த டீம் பேசிய அளவுக்கு அதற்கு முன் பேசியதில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் எல்லா டீமுக்கும் பொதுவான ரெட்ரோவைக் கூட்டினோம். பல டீம்கள் சேர்ந்து வேலை செய்வதற்கான லெஸ் முறையில் இதை ஓவரால் ரெட்ரோஸ்பெக்டிவ் என்பார்கள். அதே தேவைக்கான சேஃப் முறையில் இன்ஸ்பெக்ட் அண்ட் அடாப்ட் என்ற பெயரில் இதைவிடப் பெரிதாக நடக்கும். நாங்கள் மூன்று ஸ்பிரின்ட்டுக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். டீமுக்கு ஒருவர் வருவார், லீடாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஆள் மாற வேண்டும். கூடவே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஃப்ரா ஆட்கள், எந்த வேலை முதலில் என்று சொல்லும் ப்ராடக்ட் ஓனர்கள், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள இருவர். தொடக்கத்தில், ரெட்ரோ முன்னோடிகளில் ஒருவரான நார்மன் கெர்த் 2001-ல் எழுதிய ரெட்ரோ உறுதிமொழியின் சாரத்தைத் தமிழில் சொன்னேன்: என்ன தெரியவந்தாலும் சரி, அன்றைக்குத் தங்களுக்குத் தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து எல்லோரும் தங்களால் ஆன மட்டும் நன்றாகவே செய்தார்கள் என்று நம்பித் தொடங்குவோம்.

முதல் கூட்டத்தில் எடுத்தது அந்த டெஸ்ட் சர்வரைத்தான். கடந்த ஆறு வாரத்தை நீளமாகச் சுவரில் கோடாக வரைந்து, சர்வர் விழுந்த நாட்களைக் குறித்தோம். எல்லாம் புதன்கிழமை. அடுத்தடுத்துக் கேட்டு மூலக் காரணத்தைத் தேடும், டொயோட்டாவில் இருந்து வந்த ஐந்து "ஏன்" முறையில் கேட்கத் தொடங்கினேன். இரண்டாவது "ஏன்"-லேயே ஒரு டெஸ்டர் நாற்காலியில் சற்றுப் பின்வாங்கி, "நான் சொன்ன நேரத்துக்குத்தான் டெஸ்ட் ஓட்டினேன்" என்றார். கேள்வி ஆளை நோக்கிப் போய்விட்டது புரிந்தது. "ஏன்" என்பதை விட்டுவிட்டு "எப்படி நடந்தது?" என்று கேட்டேன். பேச்சு மாறியது.

டேட்டாபேஸ் டிஸ்க் நிரம்பி சர்வர் விழுகிறது. லோட் டெஸ்ட் (அதிகச் சுமையைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை) போட்ட டேட்டா அழிக்கப்படாமல் கிடக்கிறது. மூன்று டீம்கள் ஒரே நாளில் லோட் டெஸ்ட் ஓட்டுவதால் அழிக்க நேரமில்லை. ஒரே நாளில் ஓட்டுவதற்குக் காரணம், ரிலீஸுக்கு ஒப்புதல் தரும் குழு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை மட்டும் கூடுகிறது. அறையே ஒரு நிமிடம் அமைதியானது. பல மாதமாக நாங்கள் சர்வர் என்று திட்டிக்கொண்டிருந்தது ஒரு கூட்டத்தின் கிழமையை. ஒரு டீமின் போர்டில் இருந்து பார்த்தால் இது ஒருபோதும் தெரிந்திருக்காது. அந்த ஒப்புதல் குழுவில் இருந்த ஒருவரும் எங்களோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது அன்றுதான் தெரிந்தது.

இரண்டு செயல் மட்டும் எடுத்தோம். சின்ன மாற்றங்களுக்கு நான்கு வாரம் சோதனையாகக் குழுவின் ஒப்புதல் வேண்டாம். லோட் டெஸ்ட்டுக்கு ஒரு பொது நாட்காட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயர், ஒரு தேதி. அடுத்த கூட்டம் அந்த இரண்டும் என்னாயிற்று என்பதில்தான் தொடங்கும், புதுக் குறை அதற்குப் பிறகுதான்.

இன்னொரு விதி மேலே இருப்பவர்களுக்கு: பொதுப் போர்டுக்கு வரும் எந்தக் குறைக்கும் பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். "முடியாது" என்றாலும் பரவாயில்லை, காரணம் வேண்டும். இதை ஒத்துக்கொள்ளவைக்க மூன்று கூட்டம் பிடித்தது. முதல் "முடியாது" ஒரு லைசென்ஸ் வாங்குவது பற்றி வந்தது: இந்த ஆண்டு பட்ஜெட் முடிந்துவிட்டது, அடுத்த திட்டமிடலில் சேர்க்கிறோம் என்று நான்கு வரி. கேட்ட டீம் கோபப்படும் என்று பயந்தேன். "பதில்னு ஒண்ணு வந்துச்சே, அது போதும்" என்றார் அந்த டீமின் சீனியர். அந்தக் குறையை அதோடு போர்டிலிருந்து எடுத்துவிட்டு வேறு வழி தேடத் தொடங்கினார்கள்.

எல்லாம் சரியாக அமையவில்லை. வேறு நேர மண்டலத்தில் இருந்த டீமின் குரல் கூட்டத்தில் கேட்காமலே போனது. முதல் பதினைந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் எழுதுவது என்று மாற்றிய பிறகு கொஞ்சம் தேறியது. டீம்களின் ரெட்ரோவுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தலாமே என்ற யோசனை இருமுறை வந்தது. இருமுறையும் மறுத்தேன். மதிப்பெண் வந்தால் அந்தப் பழைய ஷீட் வேறு வடிவில் திரும்பி வரும்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, பொதுப் போர்டில் மறுபடியும் டெஸ்ட் சர்வர் பற்றி ஒரு குறிப்பு வந்தது. படிக்கும்போதே மனம் கனத்தது. கீழே பார்த்தால் டீம்களே விரும்பி எழுதிய மூன்று பெயர்கள்; அவர்களுக்குள் பேசி முடிவு செய்த ஒரு தேதி; "தகவலுக்காக மட்டும்" என்று ஒரு வரி. கூட்டத்தில் அதை எடுக்காமல் அடுத்த குறைக்குப் போனோம்.